ஆர் கீறினது?

அவருக்கு ஒரு கட்டடத்தைக் காட்டினால் அண்ணாந்து பார்க்கமாட்டார். நேரே வாசலுக்குப் போவார். குனிந்து இரண்டு பக்கத்து அடிக்கல்லையும் பார்ப்பார். பனி மூடியிருந்தால் கையுறையால் தட்டிவிடுவார். அழுக்குப் பிடித்திருந்தால் எச்சில் தொட்டுத் துடைப்பார். அறுபதை நெருங்குகிற பெண், ஒஸ்லோவில் சொந்தமாக அலுவலகம் நடத்துகிற கட்டடக் கலைஞர், நீண்ட கறுப்புக் கோட்டோடு நடைபாதையில் குந்தியிருந்து கல்லைத் தேய்ப்பதைப் பார்த்து ஆட்கள் விலகிப் போவார்கள். பிறகு எழும்பி, முழங்காலைத் தட்டிக்கொண்டு, தெருவுக்கே கேட்கும்படி அந்தக் கேள்வியைக் கேட்பார்.

“ஆர் கீறினது?”

கேட்டது நோர்வேஜிய மொழியில். செக் நாட்டிலிருந்து வந்தவர்; ஒவ்வொரு சொல்லின் தலையிலும் ஒரு குட்டுப் போட்டுத்தான் கதைப்பார். ஆனால் எனக்குள் அவருடைய குரல் எங்கள் வீட்டுத் தமிழில்தான் பதிந்திருக்கிறது. வரைவதை நாங்கள் கீறுவது என்போம். அதனால் அவர் சொன்னதையெல்லாம் அப்படியே எழுதுகிறேன். அவருக்கு என் தமிழைக் கொடுக்க எனக்கு விருப்பமில்லை. வேறு வழியில்லை.

அவர் தேடியது பெயர். பிராக் நகரத்தில் நூறு வருடத்துக்கு முந்திய வீடுகள் பலவற்றில், கீறியவரின் பெயரை வாசலருகே வெட்டியிருப்பார்களாம். சில வீடுகளில் கட்டியவரின் பெயரும் சேர்ந்திருக்குமாம். “படம் கீறினவன் மூலையிலை பேர் வைக்கிறான். வீடு கீறினவன் மட்டும் என்ன, களவெடுத்தவன் மாதிரி ஒளிக்கிறதோ?” என்பார். ஒஸ்லோவில் அனேகமாக எதுவும் கிடைக்காது. “இந்த நாட்டிலை எல்லாருக்கும் வெக்கம்” என்று கையுறையை உதறிவிட்டு அடுத்த வாசலுக்கு நடப்பார்.

எனக்கு அந்தக் கேள்வி பிடித்திருந்தது. இதை எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன். ஆனாலும் பிடித்திருந்தது.

வேலைக்கான நேர்முகத்தில் என்னிடம் எங்கே வளர்ந்தாய் என்று கேட்டார். ஸ்டோவ்னர் என்றேன். ஒஸ்லோவில் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு முகம் வரும். சுரங்க ரயில் பாதையின் கடைசிப் பக்கம், உயரமான மாடித்தொடர்கள், வெளிநாட்டுக்காரர் என்று எல்லாவற்றையும் ஒன்றாகக் கூட்டிய, இரக்கம் தடவிய முகம். அவருக்கு அந்த முகம் வரவில்லை. நாற்காலியின் நுனிக்கு வந்தார்.

“அந்த மாடித்தொடர்களை ஆர் கீறினது?”

“தெரியாது.”

“சின்ன வயசிலையிருந்து ஒருத்தன் கீறின அறையிலை நித்திரை கொண்டிருக்கிறாய். அவன்ரை பேர் தெரியாது. நீ கட்டடக் கலைஞர்.”

வேலை போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த நாள் நகரசபைக்குப் போய்ப் பழைய வரைபடங்களைக் கேட்டு வாங்கி, பெயரைக் கண்டுபிடித்து, அவருக்கு ஒற்றை வரியில் அனுப்பினேன். அரை மணித்தியாலத்தில் பதில் வந்தது: “திங்கட்கிழமை வா.”

நான் பெருமைக்காரி. மறைப்பதில்லை. என் அப்பா ஆறாம் வகுப்போடு நின்றவர். நோர்வேயின் வடகோடியில், ஹம்மர்பெஸ்டில், மீன் தொழிற்சாலையில் நின்று நின்றே முழங்கால் தேய்ந்தவர்; இப்போது இல்லை. அம்மா போருக்குள் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து பள்ளிக்கூடத்தையே தொலைத்தவர். ஸ்டோவ்னருக்குப் பக்கத்தில் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. இரண்டு பக்கத்துச் சொந்தத்திலும் பல்கலைக்கழகத்துக்குப் போன முதல் ஆள் நான். ஒரு கட்டடத்தில் என் பெயர் இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டதில் அடக்கம் எதுவும் இல்லை. அம்மாவின் ஆசை இன்னும் வெளிப்படை. “எப்ப பிள்ளை உன்ரை பேரை எழுதுவினம்?” என்று, ஏதோ பரீட்சை முடிவு வருவதுபோலக் கேட்டுக்கொண்டேயிருப்பார்.

ஆகவே பெயருக்காகக் கோபப்படுகிற ஒரு முதலாளி எனக்குக் கிடைத்ததை அதிர்ஷ்டம் என்று நினைத்தேன்.

அவருடைய கோபத்துக்கு வேர் அவருடைய அம்மா. பிர்னோ நகரத்தில் அந்த அம்மாவும் கட்டடக் கலைஞர். அந்தக் காலத்துக் கம்யூனிச ஆட்சியில் அங்கே தனியாக யாரும் அலுவலகம் வைத்திருக்க முடியாது. எல்லோரும் அரசாங்க வரைபட நிறுவனங்களில்தான் வேலை செய்தார்கள். கட்டடம் எழும்பினால் நிறுவனத்தின் பெயர். சஞ்சிகையில் படம் வந்தால் தலைமை அதிகாரியின் பெயர். அம்மா கீறியது ஒரு குழந்தைகள் மருத்துவ நிலையம். தள்ளுவண்டியோடு வருகிற தாய்மார் படி ஏறாமல் மேல்மாடிவரை போகும்படி வட்டமான சரிவுப் பாதை, அதன் சுவர் முழுக்க நீல ஓடு. அம்மா இறந்து சில வருடத்தில் அதை இடித்தார்கள். இடித்தபோது எடுத்துவந்த ஒரு நீல ஓடு அவருடைய மேசையில் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் கோப்பிக் கோப்பை வைத்தால் கத்துவார்.

“இடிச்சாப் பிறகு பேப்பரிலை அழுது எழுதினாங்கள். அருமையான கட்டடமாம், பொக்கிசமாம். ஆரின்ரை பேர் போட்டவை தெரியுமோ? தலைமை அதிகாரியின்ரை! அந்தாள் ஒரு கோடு கீறேல்லை. ஒரு கோடு!”

இந்தக் கதை பெரும்பாலும் மத்தியானச் சாப்பாட்டு மேசையில்தான் நடக்கும். கறுப்புப் பாண் துண்டைக் கீழே வைத்துவிட்டுத்தான் சொல்வார். எங்கள் அலுவலகத்தில் கணினி வரைபடங்களைப் பார்த்துக்கொண்ட கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் என் காதுப்பக்கம் சாய்வார்.

“ஆரம்பிச்சாச்சா? எங்க ஊர்ல திவசம் வருஷத்துக்கு ஒரு தடவைங்க. இவங்க டெய்லி லஞ்ச்ல பண்றாங்க.”

“சும்மா இருங்கோ. தாயின்ரை விசயம்.”

“இருங்கோவா? சரிங்கோ.”

எனக்கு அவர்மேல் எரிச்சல் வரும். இந்த ஆளுக்கு என்ன தெரியும் என்று நினைப்பேன்.

தன் செக் நாட்டுக் கட்டட வரலாறு முழுவதையும் முதலாளி ஒரு வழக்கைப்போல நடத்தினார். பிராக் கோட்டைக்குள் இருக்கிற பேராலயத்திலிருந்து தொடங்கும். இருபது வயதைச் சற்றே தாண்டியிருந்த ஓர் இளைஞனை அழைத்து அரசன் அந்த வேலையைக் கொடுத்தானாம். அவன் என்ன செய்தான் தெரியுமா? மேலே உயரத்தில் ஒரு மாடம் கட்டி, அரசர்கள், அரசிகள், பேராயர்கள் முகங்களைச் செதுக்கிய வரிசையில் தன் முகத்தையும் வைத்துவிட்டான். “அறுநூறு வருசத்துக்கு முந்தி! ராசாவுக்குப் பக்கத்திலை! அதுதான் முதுகெலும்பு” என்று நெஞ்சில் தட்டுவார். பிறகு, பழைய கூர்வளைவையும் புதுக்கால அலங்காரத்தையும் கலந்து ஒரு குன்றின்மேல் நட்சத்திர வடிவத்தில் தேவாலயம் கீறிய ஒருவர் வருவார். பிறகு, கியூபிச ஓவியம்போல, கண்ணாடியை உடைத்து ஒட்டியதுபோல முகப்பு வைத்த பிராக் வீடுகள். “ஓவியத்திலை எல்லாரும் செய்தவை. அதை வீடாக் கட்டினது நாங்கள் மட்டும்தான்.” பிறகு பிர்னோவில், முழுச் சன்னலும் நிலத்துக்குள் இறங்குகிற வெள்ளை மாளிகை. அதைக் கீறியது ஜெர்மன்காரர் என்பதில் அவருக்கு ஒரு தீராத மனக்குறை. “எங்கடை ஊருக்கு வாற சனம் அந்தாளின்ரை பேரைத்தான் சொல்லிக்கொண்டு வரும்.”

நாங்கள் மிகவும் சிரித்தது சப்பாத்து நகரத்துக் கதைக்கு. செக் நாட்டில் ஸ்லீன் என்றொரு நகரம். ஒரு சப்பாத்துக் கம்பனி அதைச் செங்கல்லால் அளவெடுத்துத் தைத்ததுபோலக் கட்டியதாம். தொழிற்சாலை, தொழிலாளர் வீடு, ஆஸ்பத்திரி எல்லாம் ஒரே அளவுக் கட்டத்துக்குள். முதலாளியின் அறை ஒரு லிப்டுக்குள்.

“கதிரையிலை இருந்தபடியே மாடி மாடியாப் போகலாம். கை கழுவத் தண்ணிக் குழாயும் உள்ளுக்கை. ஆர் என்ன செய்யினம் எண்டு அவனுக்குத் தெரியாமல் இருக்காது.”

எனக்கு அந்தக் கம்பனியின் பெயர் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் இறப்பர் செருப்புக்கு நாங்கள் சொல்லும் பெயரே அதுதான். அதைச் சொன்னதும் மேசையில் ஓங்கி அடித்தார்.

“பாத்தியோ! முதலாளியின்ரை பேர் உன்ரை கொம்மாவின்ரை காலடி வரைக்கும் வந்திருக்கு. அந்த நகரத்தைக் கீறினவங்களின்ரை பேரை நீ கேள்விப்பட்டனியோ?”

இல்லை என்றேன். அவருடைய கண் பளபளத்தது. அந்த லிப்டைப் பற்றிச் சொல்லும்போது அவருடைய குரலில் கொஞ்சம் ஆசையும் இருந்தது என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

என் பங்குக்கு நான் எங்கள் கோயில்களைச் சொன்னேன். அம்மாவின் ஊர்க் கோயிலில் மணியில் உபயகாரரின் பெயர், படியில் பெயர், தண்ணீர்த் தொட்டியில் பெயர். ரியூப் லைற்றில்கூடப் பெயர், அதுவும் பெயர் பெரிதாகி வெளிச்சம் சிறிதாகுமளவுக்கு. அவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தினார்.

“சரி. கோயிலை ஆர் கீறினது?”

அன்று மாலை அம்மாவிடம் கேட்டேன்.

“ஆரோ ஆசாரியார்.”

“பேர்?”

“ஆசாரியாரின்ரை பேரை ஆர் கேட்டது? உபயகாரற்றை பேர் இருக்குத்தானே. இப்ப உதுக்கென்ன, கையைக் கழுவிப்போட்டுச் சாப்பிடு.”

மறுநாள் இதை அவரிடம் சொன்னபோது, “உலகம் முழுக்க உதுதான்” என்று என் தோளைப் பிடித்தார். “நீயும் நானும் விடக்கூடாது.” நீயும் நானும் என்று சொன்னார். அதை நான் மறக்கவில்லை.

பிறகு ஸ்டோவ்னர் வேலை வந்தது. நான் வளர்ந்த அதே மாடித்தொடர். அம்மா இன்றைக்கும் இருக்கிற இடம். அங்கிருந்த குடியிருப்போர் சங்கம் வாசலையும் மாடி நடைகளையும் திருத்தித் தர எங்கள் அலுவலகத்தைக் கேட்டது. என் அம்மா அங்கே இருக்கிறார் என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். “அதுதான் வேணும்” என்றார். “அங்கை எது நோகும் எண்டு உனக்குத்தான் தெரியும்.”

எனக்குத் தெரிந்திருந்தது. அங்கே நொந்தது சப்பாத்து.

எங்கள் ஆட்கள் வீட்டுக்குள் சப்பாத்தோடு வரமாட்டார்கள். கதவுக்கு வெளியே மாடிநடையில் கழற்றுவார்கள். விருந்தென்றால் அது கோயில் வாசல்போல இருக்கும். ஆனால் தீப்பிடித்தால் ஓடுகிற வழியில் எதுவும் கிடக்கக்கூடாது என்பது சட்டம். என் எட்டாவது பிறந்தநாளுக்குக் கட்டடப் பராமரிப்பாளர் வந்து வெளியே கிடந்த எல்லாச் சோடிகளையும் கறுப்புப் பையில் அள்ளிக்கொண்டு போய்விட்டார். அவர் செய்தது சட்டப்படி சரி. பனிக்காலம். பெரியப்பா ஒருவர் அம்மாவின் இறப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு, வெள்ளை வேட்டியைத் தூக்கிப் பிடித்தபடி, பனிக்குள் தன் காருக்கு நடந்ததை நான் சன்னலில் நின்று பார்த்தேன். பக்கத்து மாடிப் பிள்ளைகளும் பார்த்தார்கள். திங்கட்கிழமை வகுப்பில் அது என் பிறந்தநாள் பரிசாக இருந்தது.

ஆகவே நான் கீறினேன். ஒவ்வொரு வீட்டுக் கதவையும் ஒரு முழம் உள்ளே தள்ளினேன். கதவுக்குப் பின்னால் இருந்த பழைய அலுமாரி இடத்தை எடுத்து, மாடிநடைப் பக்கம் திறந்த ஒரு குழிவாக்கினேன். கீழே எரியாத கொங்கிறீட் தட்டு, மேலே குந்தியிருந்து சப்பாத்துக் கழற்ற ஒரு கல் இருக்கை, சுவரில் ஒரு சின்ன விளக்கு. ஓடுகிற வழியில் ஒரு விரலளவும் குறையவில்லை. தீப்பாதுகாப்புப் பொறியியலாளர் வரைபடத்தை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, “இதை ஏன் இவ்வளவு காலமும் ஒருவரும் கேட்கவில்லை?” என்றார். ஒரு மாரிகாலம் முழுக்க நான் அதைத்தான் கீறினேன்.

எங்கள் முதலாளியிடம் முதலில் காட்டியபோது துள்ளினார்.

“எங்கடை மாடியிலும் சப்பாத்துக் கதவுக்கு வெளியிலைதான்! பிர்னோவிலை! அம்மா வேலையாலை வரேக்கை அடுத்த வீட்டுச் சப்பாத்திலை தடக்கிப்போட்டுத் திட்டிக்கொண்டு வருவா.”

எனக்குப் பூரிப்பாக இருந்தது. பிர்னோவின் மாடித்தொடர்களும் ஸ்டோவ்னரின் மாடித்தொடர்களும் ஒரே காலத்தில், ஒரேமாதிரி வார்த்த கொங்கிறீட் பலகைகளால் எழும்பியவை. இரண்டிலும் ஒரே சப்பாத்து. எவ்வளவு நல்ல விஷயம் என்று நினைத்தேன்.

சங்கத்தோடு நடந்த முதல் கூட்டத்தில் என்னைக் காட்டி, “இவள் கண்டுபிடிச்சது” என்றார். அடுத்ததில், “நாங்கள் யோசிச்சது.” கோடைக்குள், “பிர்னோவிலை நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்கை…” என்று தொடங்கத் தொடங்கினார். நான் பக்கத்தில் இருந்து தலையாட்டினேன். அவருடைய நினைவு அது, சொல்லட்டுமே என்றிருந்தது. வரைபடங்களின் மூலைப்பெட்டியில், கீறியவர் என்ற இடத்தில், என் பெயர் இல்லாமற்போனதைக் கோயம்புத்தூர்க்காரர்தான் காட்டினார்.

“எடுக்கச் சொன்னாங்க. ஆபீஸ் பேரு மட்டும் போதுமாம். நீங்க ஒரு வார்த்தை கேட்டுருங்க.”

“அது வரைபடத்திலை. வாசலிலை வைக்கிற பலகையிலை என்ரை பேர் வரும். அவ அப்பிடிச் செய்யமாட்டா. தாய்க்கு நடந்தது தெரியும்தானே?”

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கேலி இல்லை. “அதனாலதாங்க சொல்றேன்” என்றார்.

நான் கேட்கவில்லை. பெயருக்காக ஒவ்வொரு நாளும் அழுகிற ஒருவரிடம் போய், என் பெயரை எடுக்கமாட்டீர்களே என்று கேட்பது அவமரியாதை என்று நினைத்தேன்.

திறப்பு நாள் ஒரு சனிக்கிழமை. அம்மா மாம்பழ நிறச் சேலை உடுத்து, அதற்குமேல் கோட்டும் போட்டு, ஒரு பெரிய தட்டு மீன் ரோல்ஸோடு கீழே வந்தார். பக்கத்து வீட்டாரையெல்லாம் கதவைத் தட்டி இறக்கியிருந்தார். “என்ரை மகள் கீறினது, வாங்கோ.” லிப்டுக்குப் பக்கத்தில் புதுப்பலகை. அம்மா தட்டை என்னிடம் தந்துவிட்டு அதன் முன்னால் போய் நின்றார். அம்மாவுக்கு நோர்வேஜிய மொழி வாசிக்க மெதுவாகத்தான் வரும். ஆனால் என் பெயரை இந்த எழுத்தில் எப்படி எழுதுவார்கள் என்று தெரியும். பாடசாலைக் கடிதங்களில் பார்த்துப் பழகியது. மேலிருந்து கீழே விரல் வைத்துப் போனார். மறுபடி மேலே போனார்.

சங்கத்தின் பெயர் இருந்தது. கட்டிய கம்பனியின் பெயர் இருந்தது. கட்டடக் கலைஞர் என்ற இடத்தில் அலுவலகத்தின் பெயர் இருந்தது. அலுவலகத்தின் பெயர் அவருடைய பெயர்தான்.

“இதிலை காணேல்லை, பிள்ளை. உள்ளுக்கை வேறை பலகை இருக்கோ?”

அதற்குள் முதலாளி பேசத் தொடங்கிவிட்டார். ஒலிவாங்கி வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, பிர்னோவின் மாடிநடையை, அங்கே கிடந்த சப்பாத்துகளை, ஒரு சிறுமி அவற்றைப் பார்த்துக்கொண்டு வளர்ந்ததை, அந்தச் சிறுமி ஐம்பது வருடம் கழித்து ஸ்டோவ்னருக்கு வந்து ஒரு குழிவைக் கீறியதைச் சொன்னார். குரல் தழுதழுத்தது. ஆட்கள் கைதட்டினார்கள். நடிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அவர் அதை நம்பினார்.

கைதட்டல் முடிந்ததும் அம்மா தட்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு நேரே அவரிடம் போனார். நான் பின்னாலேயே போனேன். அவர் ஒரு ரோலை எடுத்துக் கடித்து, கண்ணை உருட்டி, அருமை என்றார். அம்மா தன் சமையலறை நோர்வேஜியத்தில், முகமெல்லாம் சிரிப்பாக, குழிவைக் காட்டிக் கேட்டார்.

“உதை ஆர் கீறினது?”

அவருடைய கேள்வி அது என்று அம்மாவுக்குத் தெரியாது. அவர் வாயால் என் பெயரைக் கேட்பதற்காக, அவ்வளவு பேருக்கும் முன்னால் கேட்பதற்காக, அம்மா கேட்டார்.

அவர் ரோலை விழுங்கினார். ஒரு கணம் என்னைப் பார்த்தார்.

“நாங்கள் எல்லாரும் சேந்துதான்” என்றார்.

அம்மா தலையாட்டிக்கொண்டு திரும்பினார். “நல்ல மனுசி. எல்லாரும் சேந்து கீறினதாம்” என்று என்னிடம் சொன்னார். கோபமே இல்லை. வழக்கமாகக் கடையில் ஏதாவது தீர்ந்துபோனது என்றால் சொல்லும் குரல் அது. அந்தக் குரலை நான் பொறுக்கமாட்டேன்.

மேல்மாடியில் படம் எடுப்பதற்காக முதலாளி சப்பாத்தைக் கழற்றிக் குழிவில் வைத்து, கல் இருக்கையில் அமர்ந்து காட்டியிருந்தார். படம் எடுத்தவர் போனபின் நான் போனேன். காலுறையோடு எழும்பி நின்றார்.

“இதை ஆர் கீறினது?”

சிரித்தார். “என்ரை கேள்வியை என்னட்டையே கேக்கிறாய்.”

“மறுமொழி சொல்லுங்கோ.”

“நான் சொன்னனான்தானே, எங்கடை மாடியிலை…”

“உங்கடை மாடியிலை சப்பாத்து இருந்தது. குழிவு இருக்கேல்லை. இருந்திருந்தா உங்கடை அம்மா ஏன் தடக்கினவ?”

சிரிப்பு நின்றது. “பலகையிலை கந்தோரின்ரை பேர்தான் வரும். அது முறை.”

“கந்தோரின்ரை பேர் உங்கடை பேர்.”

“ஓம், என்ரை பேர்தான். இந்த நாட்டுக்கு வந்து எத்தினை வருசம் மற்றவையின்ரை பேருக்குக் கீறினனான் தெரியுமோ? இப்பதான் ஒரு சுவரிலை என்ரை பேர் இருக்கு. நீ இளம் பிள்ளை. உனக்குக் காலம் கிடக்கு.”

“உங்கடை அம்மாவின்ரை தலைமை அதிகாரியும் உதைத்தான் சொல்லியிருப்பான்.”

அவர் குனிந்து சப்பாத்தை எடுத்தார். நாடா கட்ட வெகுநேரம் எடுத்தது.

“அம்மாவை உதுக்குள்ளை இழுக்காதை.”

“நீங்கள் ஒவ்வொரு நாளும் சாப்பாட்டு மேசைக்கு இழுத்துக்கொண்டு வந்தனீங்கள். நான் இண்டைக்கு மட்டும்தான்.”

திங்கட்கிழமை வேலையை விட்டேன். அவர் தடுக்கவில்லை. நான் சாமான்களை எடுக்கிறபோது நீல ஓட்டைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பலகையை மாற்றும்படி எழுதினேன். சில மாதம் கழித்து அலுவலக இணையத்தளத்தின் அடியில், “பங்களித்தோர்” என்று ஒரு வரியைச் சேர்த்தார்கள். அகரவரிசையில் ஆறேழு பெயர். அதில் இரண்டு பேர் ஸ்டோவ்னருக்கு வந்ததே இல்லை. இதை எனக்கு அனுப்பிய கோயம்புத்தூர்க்காரர், “காபி மெஷினையும் சேர்த்திருக்கலாம்” என்று கீழே எழுதியிருந்தார்.

இப்போது வேறோர் அலுவலகத்தில் வேலை. மூலைப்பெட்டியில் என் பெயர் இருக்கிறது. சேரும்போதே கேட்டு வாங்கியது.

போன வசந்தத்தில் இந்தப் புது அலுவலகத்தாரோடு பிராக்குக்குப் போனேன். வாசல்களில் பெயர் வெட்டியிருப்பது உண்மை. ஒவ்வொன்றையும் தடவிப் பார்த்தேன். அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது, அவர் என் விரலுக்குள் புகுந்துவிட்டதுபோல. பேராலயத்துக்குள் கழுத்து நோக அண்ணாந்து நின்றேன். அந்த இளைஞனின் முகம் எங்கே என்று வழிகாட்டியிடம் கேட்டேன்.

“இங்கிருந்து தெரியாது. அவ்வளவு உயரத்தில் இருக்கிறது” என்றார் அவர். “அவருடையது மட்டுமில்லை. அவருக்கு முன்னால் இந்த வேலையைத் தொடங்கிவிட்டு இறந்துபோனவர் ஒருவர் இருந்தார், பிரான்ஸ்காரர். அவருடைய முகமும் அதே வரிசையில் இருக்கிறது.”

நான் திரும்பவும் கேட்டேன். அவர் திரும்பவும் சொன்னார்.

எத்தனை மத்தியானம் அந்தக் கதையைக் கேட்டிருப்பேன்! அரசனுக்குப் பக்கத்தில் தன் முகத்தை வைத்தவனின் கதை. முதுகெலும்பின் கதை. அதே வரிசையில் இன்னொருவனின் முகமும் இருக்கிறது என்ற பாதியை அவர் ஒருநாளும் எங்களுக்குச் சொன்னதில்லை. தெரியாமல் இருந்திருக்காது. அவருடைய நாடு.

அம்மா அதே மாடியில்தான் இருக்கிறார். தபால்காரர், மின்சாரம் பார்க்க வருகிறவர், விருந்தாளி, வழி தவறி வருகிறவர், யார் வந்தாலும் குழிவில் சப்பாத்தைக் கழற்றும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, என் முழுப் பெயரையும் சொல்லி, “அவ கீறினது” என்கிறார். அம்மாவுக்கு வேலையில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர் சிரிக்கிறார்களாம். சிரிக்கட்டும். ஆனால் அம்மா சொன்னால்தான் தெரியும் என்ற நிலை எனக்குப் போதாது. பலகை இன்னும் அங்கேயே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் லிப்டுக்கு நிற்கும்போது அதை வாசிக்கிறேன். கோபம் ஆறவில்லை, ஆறவேண்டும் என்று எனக்கு விருப்பமும் இல்லை.

அவரைப் பற்றி இவ்வளவு எழுதியும் அவருடைய பெயரை எங்கும் எழுதவில்லை. மறதியல்ல. இதை என்றைக்காவது யாராவது அவருக்கு மொழிபெயர்த்துக் காட்டக்கூடும். ஒஸ்லோவில் அதற்கு ஆள் இருக்கிறது. என் பெயர் மேலேயே அச்சாகியிருக்கும், அதைக் காண்பார். அதன்பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரல் வைத்து, வரி வரியாகத் தன் பெயரைத் தேடுவார். கடைசி வரிவரைக்கும் போவார். மறுபடி மேலே போவார்.

தேடட்டும்.